நலமான எண்ணிமப் பழக்கங்களுக்கான தொழில்நுட்ப வடிவமைப்பு

கைப்பேசி, கணினி, இணையச் செயலிகள் ஆகியவற்றைப் பயனர் தம் விருப்பப்படி தொடங்கவும், தம் விருப்பப்படி நிறுத்தவும் இயலும் வகையில் உருவாக்குவதே நலமான எண்ணிமப் பழக்கங்களுக்கான வடிவமைப்பு எனப்படுகிறது. இது கருவிகளை வெறுத்து ஒதுக்கும் கொள்கை அன்று. பாடம் படிக்க, செய்தி அறிய, உறவினரோடு பேச, பணம் அனுப்ப என எல்லாவற்றிற்கும் கைப்பேசி தேவைப்படும் காலத்தில், தேவை முடிந்ததும் அதைக் கீழே வைக்க முடிகிறதா என்பதே இத்துறையின் அடிப்படைக் கேள்வி.

கைப்பேசியை விட முடியாத மாணவனைப் பொதுவாக மனவுறுதி இல்லாதவன் என்றே குறை கூறுகிறோம். மனவுறுதிக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் ஒரு செயலியில் பக்கம் எங்கே முடிகிறது, அறிவிப்பு எப்போது ஒலிக்கிறது, அடுத்த காணொளி தானாக ஓடுகிறதா என்பவற்றையெல்லாம் அதை உருவாக்கியவர்கள் முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறார்கள். அந்த முடிவுகளை மாற்றினால் பழக்கமும் ஓரளவு மாறும்.

பின்னணி: கவனம் என்னும் பண்டம்

அமெரிக்கப் பொருளியல் அறிஞர் ஹெர்பர்ட் சைமன் 1971இல் ஒரு கருத்தை முன்வைத்தார். தகவல் பெருகப் பெருக, அந்தத் தகவல் உட்கொள்ளும் பொருளாகிய மனிதக் கவனம் அரிதாகிக்கொண்டே போகும் என்பது அக்கருத்து. இணையம் வீடுகளுக்கு வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே சொல்லப்பட்ட இது, பின்னர் 'கவனப் பொருளாதாரம்' என்று பெயர் பெற்ற சிந்தனைக்கு அடித்தளமாயிற்று.

சமூக ஊடகச் செயலிகளுள் பெரும்பாலானவற்றைக் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். அவற்றின் முதன்மை வருமானம் விளம்பரத்திலிருந்து வருகிறது. பயனர் திரையில் செலவிடும் நேரம் கூடினால் காட்டப்படும் விளம்பரங்களும் கூடும். ஆகவே பயனர் நெடுநேரம் இருப்பது நிறுவனத்திற்கு வெற்றி. உரிய நேரத்தில் வெளியேறுவது பயனருக்கு நன்மை. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று முரண்படுவதை மனத்தில் கொண்டால்தான் இத்துறையின் முயற்சிகளையும் தோல்விகளையும் புரிந்துகொள்ள முடியும்.

நிறுத்தக் குறிகள்

ஒரு செயல் இங்கே முடிகிறது என்பதை உணர்த்தும் அடையாளத்தை நிறுத்தக் குறி எனலாம். பழைய ஊடகங்கள் அனைத்திலும் இத்தகைய குறிகள் இயல்பாகவே இருந்தன. நாளிதழுக்குக் கடைசிப் பக்கம் உண்டு. வானொலி நிலையம் இரவில் ஒலிபரப்பை முடித்துக்கொள்ளும். திரைப்படத்திற்கு இடைவேளை உண்டு.

வார இதழ்த் தொடர்கதை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950ஆம் ஆண்டு தொடங்கிக் 'கல்கி' இதழில் வாரந்தோறும் வெளிவந்தது. தொடர்கதையின் அத்தியாயம் பெரும்பாலும் ஆவலைத் தூண்டும் இடத்தில்தான் முடியும். ஆனால் அதன் கீழே 'தொடரும்' என்ற சொல் இருக்கும். வாசகருக்கு ஆவல் எவ்வளவு இருந்தாலும் அடுத்த இதழ் வரும்வரை காத்திருந்தே ஆக வேண்டும். ஆவலைத் தூண்டுவது புதிய உத்தி அன்று என்பதையும், அன்று தூண்டுதலுக்குப் பின் ஓர் இடைவெளி இருந்தது என்பதையும் இதிலிருந்து அறியலாம்.

இணையத்திலும் தொடக்கத்தில் இக்குறி இருந்தது. ஒரு பக்கத்தின் அடிக்குச் சென்றால் 'அடுத்த பக்கம்' என்ற பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்துவதா வேண்டாவா என்று எண்ண ஒரு கணம் கிடைத்தது. 2006இல் வடிவமைப்பாளர் ஏசா ராஸ்கின் 'முடிவிலா உருட்டல்' என்னும் முறையை உருவாக்கினார். பயனர் பக்கத்தின் அடியை நெருங்கும்போதே அடுத்த பகுதி தானாக வந்து சேரும் முறை அது. பொத்தானைத் தேடி அழுத்தும் சிரமத்தைக் குறைப்பதே அதன் நோக்கம். ஆனால் சமூக ஊடகங்கள் அதைக் கையாண்டபோது, நிறுத்தி எண்ணுவதற்கான கணமும் சேர்ந்து மறைந்தது. இதன் விளைவு குறித்து ராஸ்கினே பின்னாளில் வருத்தம் தெரிவித்துள்ளார். ஒரு காணொளி முடிந்தவுடன் அடுத்தது தானாகத் தொடங்குவதும் இதே வகையைச் சேர்ந்தது.

பழக்கம் உருவாகும் முறை

நிறுத்தக் குறி மறைந்தது ஒரு பாதி. பயனர் மீண்டும் மீண்டும் திரும்பி வருவது மறு பாதி. இதை விளக்க உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னரின் சோதனைகள் உதவுகின்றன. புறா ஒரு வில்லையைக் கொத்தினால் தீனி கிடைக்கும் வகையில் அவர் கருவிகளை அமைத்தார். குறிப்பிட்ட எண்ணிக்கை தவறாமல் தீனி கிடைக்கும்போது ஒரு வகையாகவும், எப்போது கிடைக்கும் என்று கணிக்க முடியாதபோது வேறு வகையாகவும் அவை நடந்துகொண்டன. கணிக்க முடியாத வெகுமதிக்காகப் பறவைகள் இடைவிடாமல் கொத்தின. தீனி நின்ற பின்னும் எளிதில் விடவில்லை. சார்லஸ் ஃபெர்ஸ்டருடன் சேர்ந்து ஸ்கின்னர் 1957இல் வெளியிட்ட நூலில் இத்தகைய சோதனைகள் விரிவாகத் தொகுக்கப்பட்டுள்ளன.

சூதாட்ட இயந்திரங்கள் இதே அடிப்படையில் இயங்குகின்றன. மானுடவியலாளர் நடாஷா டவ் ஷூல் லாஸ் வேகாஸ் நகரில் பல ஆண்டுகள் ஆய்வு செய்து 2012இல் வெளியிட்ட நூல், அந்த இயந்திரங்களின் வடிவமைப்பே ஆடுபவரை எவ்வாறு பிடித்துவைக்கிறது என்பதைக் காட்டியது. கைப்பேசியில் ஓர் அறிவிப்பைத் திறக்கும்போதும் உள்ளே நண்பரின் செய்தி இருக்கலாம், ஒன்றும் இல்லாமலும் போகலாம். 2009இல் ஃபேஸ்புக் அறிமுகப்படுத்திய விருப்பப் பொத்தான், எத்தனை பேர் விரும்பினார்கள் என்று அடிக்கடி பார்க்கத் தூண்டும் இன்னொரு கணிக்க முடியாத வெகுமதியாயிற்று.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பி. ஜே. ஃபாக் மனித நடத்தைக்கு எளிய விளக்கம் ஒன்றைத் தந்தார். ஒரு செயல் நிகழ விருப்பம், எளிமை, தூண்டுதல் ஆகிய மூன்றும் ஒரே நேரத்தில் கூட வேண்டும் என்பது அது. இதைத் தலைகீழாகவும் பயன்படுத்தலாம். ஒரு பழக்கத்தைக் குறைக்க வேண்டுமானால் தூண்டுதலை நீக்கலாம், அல்லது எளிமையைக் குறைக்கலாம். விருப்பத்தை அடக்குவது மூன்றிலும் கடினமானது. 'மனத்தைக் கட்டுப்படுத்து' என்னும் அறிவுரை அந்தக் கடினமான வழியை மட்டுமே காட்டுகிறது.

மாற்றுச் சிந்தனையின் வளர்ச்சி

கவனத்தை மதிக்கும் தொழில்நுட்பம் என்ற எண்ணம் புதிதன்று. ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் பணியாற்றிய மார்க் வைசரும் ஜான் சீலி பிரவுனும் 1995இல் 'அமைதியான தொழில்நுட்பம்' என்ற கருத்தை எழுதினர். நல்ல கருவி தேவைப்படும்போது கவனத்தின் நடுவே வந்து, தேவையற்றபோது ஓரத்திற்கு ஒதுங்கிவிட வேண்டும் என்பது அவர்களின் கருத்து.

2013இல் கூகுள் நிறுவனத்தில் பணியாற்றிய டிரிஸ்டன் ஹாரிஸ், பயனரின் கவனத்தைச் சிதறடிக்காமல் மதிக்க வேண்டும் என்று கோரும் படவில்லைத் தொகுப்பு ஒன்றை உடன் பணியாற்றியவர்களுக்கு அனுப்பினார். அது நிறுவனம் முழுவதும் பரவியது. பின்னர் அவரும் ராஸ்கின் உள்ளிட்ட சிலரும் சேர்ந்து மனிதநேயத் தொழில்நுட்பத்திற்கான மையத்தைத் தொடங்கினர்.

2018ஆம் ஆண்டு ஒரு திருப்புமுனை எனலாம். அவ்வாண்டில் கூகுள் ஆண்ட்ராய்டு கைப்பேசிகளுக்கு 'டிஜிட்டல் வெல்பீயிங்' வசதியையும், ஆப்பிள் தன் ஐஓஎஸ் 12இல் 'ஸ்கிரீன் டைம்' வசதியையும் கொண்டுவந்தன. எந்தச் செயலியில் எவ்வளவு நேரம் செலவாகிறது என்று பார்ப்பதும், செயலிக்கு நேர வரம்பு வைப்பதும் கைப்பேசியிலேயே இயலும் செயல்களாயின.

முதன்மையான வடிவமைப்பு உத்திகள்

1. அறிவிப்புகளைத் தொகுத்து வழங்குதல்

அஞ்சல்காரர் ஒவ்வொரு கடிதத்திற்கும் தனித்தனியே கதவைத் தட்டுவதில்லை. அன்றைய கடிதங்களைச் சேர்த்தே தருகிறார். அறிவிப்புகளையும் அவ்வாறு தரலாமா என்று 2019இல் வெளியான ஓர் ஆய்வு சோதித்தது. இரண்டு வாரம் நடந்த அதில் 237 பேர் பங்கேற்றனர். சிலருக்கு அறிவிப்புகள் வழக்கம்போல் வந்தன. சிலருக்கு மணிக்கு ஒருமுறை. சிலருக்கு நாளில் மூன்று முறை மட்டும். சிலருக்கு அறவே வரவில்லை. நாளில் மூன்று முறை பெற்றவர்கள் கூடுதல் கவனத்துடனும் நல்ல மனநிலையுடனும் இருந்ததாகத் தெரிவித்தனர். அறிவிப்பே வராதவர்களுக்கு அந்த நன்மை கிட்டவில்லை. எதையோ தவறவிடுகிறோம் என்ற பதற்றமே கூடியது. முற்றிலும் அடைப்பதைவிட ஒழுங்குபடுத்துவது மேல் என்பதற்கு இது சான்று.

2. சிறு தடை வைத்தல்

'ஒன் செக்' என்னும் செயலி, பயனர் தேர்ந்தெடுத்த சமூக ஊடகத்தைத் திறக்க முயலும்போது சில நொடிகள் காத்திருக்கச் செய்து, உண்மையிலேயே திறக்க வேண்டுமா என்று கேட்கிறது. 280 பேரிடம் ஆறு வாரம் நடந்த ஆய்வு 2023இல் வெளியானது. திறக்க முயன்ற வேளைகளுள் 36 விழுக்காட்டில் பயனர்கள் வேண்டாம் என்று விலகிவிட்டனர். ஆறாம் வாரத்தில் திறக்க முயல்வதே முதல் வாரத்தைவிட 37 விழுக்காடு குறைந்தது. செயலியை உருவாக்கியவரே ஆய்வாளர்களுள் ஒருவர் என்பதையும், பங்கேற்றவர்கள் குறைக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு தாமே அதை நிறுவியவர்கள் என்பதையும் சேர்த்தே இம்முடிவைப் படிக்க வேண்டும்.

3. ஈர்ப்பைக் குறைத்தல்

அறிவிப்பு எண்களும் குறுஞ்சின்னங்களும் கண்ணைப் பறிக்கும் நிறங்களில் அமைக்கப்படுகின்றன. திரையைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றினால் ஈர்ப்புக் குறையும். அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் நடந்து 2020இல் வெளியான ஆய்வில், இவ்வாறு மாற்றியவர்களின் திரை நேரம் நாளொன்றுக்குச் சராசரியாக ஏறத்தாழ 38 நிமிடம் குறைந்தது. இவ்வசதி பெரும்பாலான கைப்பேசிகளில் ஏற்கெனவே உள்ளது.

4. இயல்புநிலையைச் சரியாக அமைத்தல்

ஒரு கருவியை வாங்கும்போதே அதில் எவ்வாறு அமைக்கப்பட்டிருக்கிறதோ அதுவே இயல்புநிலை. பெரும்பாலோர் அதை மாற்றுவதில்லை. ரிச்சர்டு தேலரும் காஸ் சன்ஸ்டீனும் 2008இல் வெளியிட்ட நூல், இயல்புநிலை மனிதரின் தேர்வுகளை எவ்வளவு ஆழமாகப் பாதிக்கிறது என்பதைப் பல துறைகளிலிருந்து எடுத்துக்காட்டியது. யூடியூப் 2021இல் 13 முதல் 17 வயது வரையுள்ள பயனர்களுக்குத் தானாக ஓடும் வசதியை இயல்பாகவே அணைத்தும், ஓய்வு நினைவூட்டலை இயல்பாகவே இயக்கியும் வைத்தது. வசதி நீக்கப்படவில்லை, வேண்டுபவர் தாமே இயக்கிக்கொள்ளலாம். முயற்சி எடுக்க வேண்டியவர் யார் என்பதுதான் மாறியது.

பலன் தராத இடங்கள்

நல்ல நோக்கத்தோடு அறிமுகமாகும் வசதிகள் எல்லாம் பயன் தருவதில்லை. இரு நிகழ்வுகள் இதை விளக்கும். 2018 ஜூலையில் இன்ஸ்டாகிராம், முந்தைய இரண்டு நாள்களின் பதிவுகளை ஒருவர் பார்த்து முடித்தால், எல்லாவற்றையும் பார்த்துவிட்டீர்கள் என்று அறிவிக்கும் வசதியைக் கொண்டுவந்தது. இது உண்மையான நிறுத்தக் குறி. ஆனால் 2020 ஆகஸ்டில் அதே குறிக்குக் கீழே, பயனர் பின்தொடராத கணக்குகளின் பரிந்துரைப் பதிவுகள் வரத் தொடங்கின. பலகை இருந்தது, அதற்கு அப்பாலும் பாதை நீண்டுவிட்டது.

டிக்டாக் நிறுவனம் 2023 மார்ச்சில், 18 வயதுக்குட்பட்டோர் கணக்குகளுக்கு நாளொன்றுக்கு 60 நிமிட வரம்பு இயல்பாகவே வைக்கப்படும் என்று அறிவித்தது. வரம்பு முடிந்ததும் கடவெண்ணை உள்ளிட்டுத் தொடர்ந்து பார்க்கலாம். அந்நிறுவனத்தின் மீது அமெரிக்க மாநிலங்கள் தொடுத்த வழக்கின் ஆவணங்கள் 2024 அக்டோபரில் செய்திகளில் வெளியாயின. நேர வரம்புக் கருவியால் சராசரிப் பயன்பாடு நாளுக்கு 108.5 நிமிடத்திலிருந்து 107 நிமிடமாக மட்டுமே குறைந்ததாக நிறுவனத்தின் சொந்தச் சோதனையே கூறியது. அதாவது ஒன்றரை நிமிடம். கருவியின் வெற்றியை அளக்கும் அளவுகோல்களுள் ஒன்றாக, ஊடகச் செய்திகள் மூலம் பொதுமக்களின் நம்பிக்கையைப் பெறுவது வைக்கப்பட்டிருந்ததும் அவ்வாவணங்களில் தெரியவந்தது.

இவற்றிலிருந்து பெறும் பாடம், ஒரு வசதி இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் போதாது என்பதே. ஒரே தொடுகையில் கடந்துவிடக்கூடிய தடையைக் கை பழகிவிடும். மனம் அதைக் கவனிக்காது. வீட்டிலோ பள்ளியிலோ இன்னொருவரின் ஒப்புதல் தேவைப்படும் அமைப்பு இதைவிட வலுவானது. இன்ஸ்டாகிராம் 2024 செப்டம்பரில் அறிவித்த பதின்வயதினர் கணக்குகளில், இரவு 10 மணி முதல் காலை 7 மணி வரை அறிவிப்புகள் ஒலிப்பதில்லை. 16 வயதுக்குட்பட்டோர் தம் கணக்கின் கட்டுப்பாடுகளைத் தளர்த்தப் பெற்றோரின் இசைவு வேண்டும். எனினும் வயதைப் பொய்யாகக் கூறினால் இவ்வமைப்பும் பயனற்றுப் போகும்.

சட்டங்கள் வடிவமைப்பைத் தொடும்போது

நிறுவனங்களின் வருமானமும் பயனரின் நலமும் முரண்படும் இடத்தில் அரசுகள் தலையிடத் தொடங்கின. பிரிட்டனின் சிறுவர்களுக்கான வடிவமைப்பு நெறித்தொகுப்பு 2020 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதன் 15 நெறிகளுள் ஒன்று, சிறுவர்களைத் தந்திரமாகத் தூண்டி அவர்களின் தனியுரிமைப் பாதுகாப்பைத் தளர்த்தச் செய்யும் உத்திகளைத் தடுக்கிறது. காணொளி பார்ப்பதற்குப் புள்ளிகள் வழங்கிய 'டிக்டாக் லைட்' வெகுமதித் திட்டத்தை ஐரோப்பிய ஆணையம் விசாரித்ததை அடுத்து, 2024 ஆகஸ்டில் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து அதை நிலையாக விலக்கிக்கொள்ள நிறுவனம் உறுதியளித்தது. சீனா 2021இல், 18 வயதுக்குட்பட்டோர் வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாள்களில் இரவு 8 முதல் 9 மணி வரை மட்டுமே இணைய விளையாட்டு ஆடலாம் என்று கடுமையான விதியை வகுத்தது.

தமிழ்நாட்டிலும் இதற்கு எடுத்துக்காட்டு உண்டு. தமிழ்நாடு இணையவழி விளையாட்டு ஆணையம் 2025 பிப்ரவரியில், பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளுக்கான விதிமுறைகளை வெளியிட்டது. நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை ஆட்டத்திற்கு உள்நுழையக் கூடாது. ஒரு மணி நேரம் தொடர்ந்து ஆடிய பின் 30 நிமிடத்திற்கு ஒருமுறை எச்சரிக்கை காட்டப்பட வேண்டும். 18 வயது நிரம்பாதோர் ஆடக் கூடாது என்பன அவற்றுள் சில. சட்டத்தின் மூலம் நிறுத்தக் குறியைத் திரும்ப வைக்கும் முயற்சி இது. நிறுவனங்கள் தொடுத்த வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் 2025 ஜூன் மாதம் இவ்விதிகளை உறுதி செய்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணையவழி விளையாட்டுச் சட்டம், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை நாடு முழுவதும் தடை செய்தது.

நேரம் மட்டுமே அளவுகோலா?

திரை நேரம் கூடினாலே மனநலம் கெடும் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. ஏமி ஆர்பென், ஆண்ட்ரூ பிரிபில்ஸ்கி ஆகியோர் மூன்றரை இலட்சத்திற்கும் மேற்பட்ட பதின்வயதினரின் தரவுகளை ஆராய்ந்து 2019இல் வெளியிட்ட கட்டுரை வேறு படம் தருகிறது. பதின்வயதினரின் நல்வாழ்வில் காணப்படும் வேறுபாடுகளுள் 0.4 விழுக்காடு வரையே எண்ணிமப் பயன்பாட்டோடு தொடர்புடையது என்று அவர்கள் கண்டனர். ஆனால் இது சராசரி பற்றிய முடிவு. தனிப்பட்ட ஒருவருக்குப் பாதிப்பே இராது என்று இதிலிருந்து கூற முடியாது.

ஒரே இரண்டு மணி நேரத்தில் ஒருவர் கணிதப் பாடக் காணொளி பார்க்கலாம். இன்னொருவர் உறக்கத்தைத் தள்ளிவைத்துக் குறுங்காணொளிகள் பார்க்கலாம். எண் ஒன்றுதான், பொருள் வேறு. ஆகவே எத்தனை மணி என்பதோடு, நிறுத்த நினைத்தபோது நிறுத்த முடிந்ததா, உறக்கம், படிப்பு, விளையாட்டு, உறவு ஆகியவற்றுள் எது குறைந்தது என்றும் கேட்க வேண்டும். உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதில் விளையாட்டுக் கோளாறு இடம்பெற்றுள்ளது. கட்டுப்பாட்டை இழத்தல், மற்றக் கடமைகளைவிட விளையாட்டுக்கு முதலிடம் தருதல், கேடு விளைந்தும் தொடர்தல் ஆகியவையே அதன் அடையாளங்கள், மணிக்கணக்கு அன்று. இத்தகைய நிலையில் உள்ளவர்களுக்குச் செயலியின் அமைப்பை மாற்றுவது மட்டும் போதாது. மருத்துவ உதவி தேவை. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2014இலிருந்து இதற்கெனத் தனி மருத்துவப் பிரிவை நடத்தி வருகிறது.

மாணவர்கள் கைக்கொள்ளத்தக்கவை

மேலே கண்டவற்றுள் சிலவற்றை இன்றே செய்யலாம். மனிதர் அனுப்பும் செய்திகளுக்கான அறிவிப்பை வைத்துக்கொண்டு, செயலிகள் தாமாக அனுப்பும் அறிவிப்புகளை அணைக்கலாம். தானாக ஓடும் வசதியை நிறுத்தலாம். அடிக்கடி கை போகும் செயலியை முகப்புத் திரையிலிருந்து அகற்றலாம். படுக்கையறைக்கு வெளியே மின்னேற்றம் செய்து, விழிப்பதற்குத் தனிக் கடிகாரம் வைத்துக்கொள்ளலாம். இவை அனைத்தும் ஒருமுறை செய்தால் போதுமானவை. ஒவ்வொரு நாளும் மனத்தோடு போராட வேண்டியதில்லை.

கல்லூரியில் செயலி உருவாக்கும் மாணவர்களுக்கு இப்பொருள் இன்னும் நெருக்கமானது. தாம் உருவாக்கும் செயலியைப் பற்றி அவர்கள் பின்வரும் கேள்விகளைக் கேட்டுக்கொள்ளலாம்:

1. வந்த வேலை முடிந்தது என்பதைச் செயலி பயனருக்குக் காட்டுகிறதா?
2. அறிவிப்பு யாருடைய தேவைக்காக அனுப்பப்படுகிறது? பயனருக்காகவா, செயலிக்காகவா?
3. எதையும் மாற்றத் தெரியாத பயனருக்கு இயல்புநிலை நன்மை செய்கிறதா?
4. சேர்வது எவ்வளவு எளிதோ, விலகுவதும் அவ்வளவு எளிதா?
5. பயனர் செலவிட்ட நேரத்தைத் தவிர, வெற்றியை அளக்க வேறு அளவுகோல் உண்டா?

ஐந்தாம் கேள்விக்கு விடை கிடைக்காவிட்டால் முதல் நான்குக்கும் நல்ல விடை நெடுநாள் நிலைக்காது. இன்ஸ்டாகிராமின் நிறுத்தக் குறிக்கு நேர்ந்தது அதுவே. வேலையை விரைவில் முடித்துத் தந்து பயனரை அனுப்பிவைக்கும் செயலிகளும் உள்ளன. தொடர்வண்டிச் சீட்டு எடுக்கவோ மின்கட்டணம் செலுத்தவோ திறக்கும் செயலியில் யாரும் பொழுதைக் கழிக்க விரும்புவதில்லை. சீட்டு கைக்கு வந்ததும் மூடிவிடுகிறோம். அவ்வாறு மூடப்படுவதையே நல்ல சேவையின் அடையாளமாகக் கொள்ளும் கணக்குமுறை மற்றச் செயலிகளுக்கும் வர வேண்டும் என்பதே இத்துறையினர் முன்வைக்கும் கோரிக்கை.